பேசுபவர் மட்டும்

நான் எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவள் என்று என் அக்காவுக்கு ஒரு புகார் உண்டு. எனக்கு எட்டு வயதாகும்போது அவள் வைத்த பெயரே அதைத்தான் சொல்லும். ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட்டுச் சுண்டிவிட்டால் அது நான், கோபமும் அவசரமும் மூக்கு நுனியில் இருக்கிறவள். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கையால் ஒரு பெயர் இருக்கிறது. கன்னத்தில் குழி விழும் இடத்தில் ஒரு விரலை வைத்தால் அக்கா. இரண்டு கன்னத்தையும் உப்பிக் காட்டினால் அவளுடைய ஆறு வயது மகள், பாப்பா. அக்கா புருஷனுக்கும் ஒரு சைகை உண்டு, ஆனால் அதை அச்சில் போட முடியாது.

அந்த மனிதர் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. இத்தனை நாள் பாப்பாவுக்குக் காய்ச்சலா தலைவலியா என்று ஒரு வார்த்தை கேட்காதவர், திடீரென்று குழந்தையைத் தன் அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டார். காரணம் ஒரே வரிதான்: "குழந்தை அழுதால் தாய்க்குக் கேட்காது." ஆறு வருடமாக அந்தக் குழந்தை அழுதபோதெல்லாம் தூக்கியது யாராம், பக்கத்து வீட்டுப் பூனையா?

அக்கா கொதிக்கவில்லை. தையல் மிஷினை நிறுத்திவிட்டு மனுவை இரண்டு தடவை படித்தாள். "கேக்கட்டும். என்கிட்ட பதில் இருக்கு" என்று கையால் சொன்னாள்.

விசாரணை காணொளியில் நடக்கும் என்று கடிதம் வந்தது. அதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் திரும்பியது என்றே சொல்ல வேண்டும். அந்தக் காணொளி மென்பொருளைக் கொண்டுவந்ததே எங்கள் அலுவலகம்தான். நான் அரசாங்கக் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் அரசாங்கத்தின் அத்தனை கூட்டமும் அத்தனை செய்தியும் ஏதோ தூரதேசத்துக் கம்பெனி ஒன்றின் கணினிகள் வழியாகத்தான் போய்வந்தன. காது கேளாதவர்களுக்காகப் பேச்சு எழுத்தாக ஓட வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்கு ஐந்து வருடம் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று இயந்திரம் பதில் போட்டது. ஒருநாள் அந்தக் கம்பெனி ஏதோ ஒரு நாட்டு அலுவலகங்களின் கணக்குகளை ஒரே காலையில் மூடிவிட்டது என்று செய்தி வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் பெரியவர்களுக்கு வியர்த்தது.

அப்படி வந்தது இந்தத் திறந்த மூல மென்பொருள். நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், சொந்தக் கணினியில் வைத்து ஓட்டலாம். எழுத்தாக ஓடும் வசதியை எங்கள் பிரிவே இரண்டு மாதத்தில் சேர்த்தது. நான் ஊர் ஊராகப் போய் அலுவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். "வாடகை வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரரைக் கேக்கணும். இது சொந்த வீடு. எங்க வேணும்னாலும் ஜன்னல் வைக்கலாம்" என்று வாய் வலிக்கச் சொன்னேன். துணை இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, "காது கேளாதோருக்கும் கதவு திறந்தது" என்று அறிவித்தார். அவருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் முத்திரை. முத்திரை விழாமல் தும்மக்கூட மாட்டார்.

விசாரணை நாளில் அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. நான் வராந்தா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன். திரை எனக்குத் தெரியவில்லை, அக்காவின் முகமும் கைகளும் மட்டும் தெரிந்தன. கேள்வி எழுத்தாக ஓடியிருக்க வேண்டும். அவள் படித்தாள், நிமிர்ந்தாள், கைகளைத் தூக்கினாள்.

"பாப்பா பொறந்த நாள்ல இருந்து அவ நெஞ்சுமேல என் கையை வச்சுத்தான் தூங்குறேன். அழுகை வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுல ஒரு துடிப்பு வரும். நீங்க எல்லாம் அழுகையைக் கேட்டப்புறம் எழுந்திருப்பீங்க. நான் அதுக்கு முன்னாடியே எழுந்துடுவேன்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்படி ஒரு பதிலை எந்த வக்கீல் எழுதிக்கொடுத்துவிட முடியும்? கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் இப்படியே நிதானமாகச் சொன்னாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"நல்லா சொன்னேன். நீதிபதியம்மா கண்ணை எடுக்காம என்னையே பார்த்துட்டிருந்தாங்க" என்றாள்.

நான்கு நாள் கழித்து நீதிமன்றப் பதிவு வந்தது. ஐந்து கேள்வி. ஐந்துக்கும் கீழே ஒரே வரி: "எதிர்மனுதாரர் பதில் ஏதும் அளிக்கவில்லை." இறுதி விசாரணை பன்னிரண்டு நாளில்.

அக்கா தாளை என்னிடம் நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். படித்ததை நம்ப முடியாமல்தான் என்னைக் கேட்டாள்.

நீதிமன்றம் நியமித்த சைகை மொழிபெயர்ப்பாளர் வேறு ஊரில் தன் வீட்டிலிருந்து சேர்ந்தவர். அவரைத் தொலைபேசியில் பிடித்து, எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நான் உங்க அக்காவைப் பார்க்கவே இல்லையேம்மா! என் திரையில நீதிபதி முகம் வந்துச்சு. எதிர்த்தரப்பு வக்கீல் இருமினா அவர் முகம் வந்துச்சு. அன்னிக்குன்னு அவருக்கு ஜலதோஷம் வேற. அந்தம்மா தெரியலைன்னு ரெண்டு தடவை சொன்னேன். அப்போ என் முகம்தான் பெருசா வந்துச்சு. 'அவங்க இணைப்புல இருக்காங்க, பேர் தெரியுது, பதில் சொல்லலைன்னா நாம என்ன பண்றது'ன்னு கிளார்க் சொல்லிட்டார்."

கத்தியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏனென்றால் நடந்தது என்ன என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சத்தம் யாரிடமிருந்து வருகிறதோ அவர் முகம் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். அக்கா கையால் பேசுகிறவள், அவளிடம் சத்தம் இல்லை. அவள் தெரிந்தால்தான் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முடியும். கண்ணை எடுக்காமல் பார்த்த நீதிபதியம்மா, கடைசியாகப் பேசியவர் என்பதால் அக்காவின் திரையில் நின்ற முகம், அவ்வளவுதான். அந்த அம்மா அங்கே பார்த்துக்கொண்டிருந்தது தன் முகத்தையே, வக்கீல் இருமினால் அவர் முகத்தை.

மென்பொருள் பிறந்தபோது அப்படி இல்லை. எல்லா முகமும் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும்படிதான் அது வந்தது. எட்டு மாதம் முன்பு ஒரு கூட்டத்தில் முத்திரை சார் சொன்னார்: "போன வாரம் ஒரு விசாரணையில ஒரு கட்டத்துல சாட்சி காது குடையறார், இன்னொரு கட்டத்துல வக்கீல் சாப்பிடறார். நீதிமன்றத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பேசறவர் மட்டும் தெரிஞ்சா போதும்." குழு தலையாட்டியது. முத்திரை விழுந்தது. "பேசுபவர் மட்டும்" என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்ததை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். ஒரு வரி வேலை. அதை மாற்றிய கை என் கை.

கைகளால் பேசும் ஒருத்தியோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அந்த வரியை மாற்றும்போது என் அறிவு எங்கே மேயப் போயிருந்தது? கூட்டத்தில் சிரித்தேன்கூட, காது குடைந்த சாட்சியை நினைத்து. அன்று முழுக்க அக்காவின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் சொல்லிவிட்டேன். அவள் பாப்பாவின் சட்டைக்கு ஒரு பித்தானைத் தைத்து முடித்தாள். பிறகு, "நீ மாத்தினதுதானே? திரும்ப மாத்து" என்றாள்.

மறுநாள் முத்திரை சார் முன்னால் பதிவை வைத்தேன். படித்தார். "ச்சு ச்சு" என்றார்.

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இது குழு முடிவு. குழு அடுத்த மாசக் கடைசியிலதான் கூடும். மனு குடுங்க, வைப்போம்."

"விசாரணை பன்னிரண்டு நாள்ல சார். ஒரு வரி. நான் நின்ன நிலையிலேயே மாத்திடுவேன்."

"ஒரு வரியா நூறு வரியாங்கிறது பேச்சில்லை. நினைச்சவங்க நினைச்சபடி மாத்தறதுக்கு இது என்ன சந்தைக்கடையா?"

"யார் வேணும்னாலும் மாத்தலாம்னு நீங்கதானே சார் பத்திரிகையில சொன்னீங்க?"

"அது பத்திரிகைக்கு" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

நீதிமன்ற அலுவலகத்துக்குப் போனேன். நேரில் விசாரிக்கச் சொல்லி மனு கொடுத்தேன். அதை விசாரணைக்குப் பிறகு பரிசீலிப்பார்களாம். விசாரணைக்குப் பிறகு! திரையில் எல்லா முகமும் தெரியச் செய்யுங்கள் என்றேன். "அதெல்லாம் கணினிப் பிரிவு பார்க்கிறதும்மா, எங்க கையில இல்லை" என்றார் கிளார்க். நானே கணினிப் பிரிவுதான் என்றேன். அப்படியானால் அங்கேயே கேளுங்கள் என்றார். இப்படி ஒன்பது நாள் என்னைப் பந்தாடினார்கள். தூரதேசத்துக் கம்பெனி என்னை ஏமாற்றியபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை. அவன் வீடு, அவன் பூட்டு. இங்கே வீடும் எங்களுடையது, சாவியும் என் கைப்பையில். உள்ளே நிற்பது என் அக்கா. கதவைத் திறக்க அடுத்த மாதக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டுமாம்!

விசாரணை நாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் என் மேஜையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மாற்றினேன். யார் மாற்றியது என்று பதிவாகும் இடத்தில் என் பெயர் தானாக விழுந்தது. காரணம் எழுதும் இடத்தில், "என் அக்கா பதில் சொல்கிறாள்" என்று எழுதினேன்.

அன்று அத்தனை நீதிமன்றங்களிலும் திரைகள் கட்டம் கட்டமாகத் திறந்தன. மேலே கோட்டும் கீழே அரைக்கால் சட்டையுமாக ஒரு வக்கீல் எழுந்து மின்விசிறி போட்டதை ஊரே பார்த்ததாம். அக்காவின் விசாரணையில் நீதிபதியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாராம். பிற்பாடு மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "போன தடவை நீங்க ஏன் பதில் சொல்லலை?" என்பதுதான் முதல் கேள்வி. "சொன்னேன்" என்றாள் அக்கா. பிறகு அந்த ஐந்து பதில்களையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? அனுமதியில்லாமல் மாற்றப்பட்ட திரையில் நடந்த விசாரணை செல்லாது, முதல் பதிவையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு மனுவைத் தட்டினார். அந்த மாற்றம் சரியா தவறா என்று கணினிப் பிரிவு பதில் தரட்டும், அதுவரை தீர்ப்பு இல்லை என்று நீதிபதியம்மா நிறுத்திவைத்தார். முத்திரை சார் அன்று மாலையே அந்த வரியைப் பழையபடி 'ஆம்' ஆக்கவைத்து, நிரலைத் தொட எனக்கிருந்த அனுமதிகளைப் பறித்து, என் கையில் ஒரு குறிப்பாணையைத் திணித்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு. நான் செய்தது தவறு என்று அவர்கள் எழுதிவிட்டால், அக்கா வாய் திறக்கவே இல்லை என்றாகிவிடும். பாப்பா போய்விடுவாள்.

விஷயம் பாப்பா காதுக்கும் எப்படியோ போயிருந்தது. "சித்தி, நான் இனிமே அழவே மாட்டேன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த அலுவலகத்தையே கொளுத்தியிருப்பேன்.

எங்கள் கூட்டங்கள் எல்லாம் எங்கள் மென்பொருளில்தான் நடக்க வேண்டும் என்பது முத்திரை சாரே போட்ட உத்தரவு. அதனால் என் விசாரணையும் காணொளியில். தலைமை அலுவலகத்தில் அவரவர் அறையில் அவர்கள், மூன்று தெரு தள்ளிக் கிளை அலுவலகத்தின் சின்ன அறையில் நான். குழுவின் தலைவி ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த ஒரு பெரிய அதிகாரி. சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. கூட முத்திரை சார், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். பதிவு எழுத ஒரு கிளார்க்.

"அனுமதியில்லாம அமைப்பை மாத்தினது நீங்கதானா? ஏன் மாத்தினீங்க?" என்று தலைவி கேட்டார்.

நான் ஒலிவாங்கியைத் திறந்தே வைத்திருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு கைகளைத் தூக்கினேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பாப்பாவின் நெஞ்சு, அதன்மேல் கை, வாய்க்கு வருவதற்கு முன்னால் வரும் துடிப்பு. என் திரையில் தலைவியின் முகம் அசையாமல் என்னையே பார்த்தது. இதைத்தான் என் அக்கா நம்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கையை நிறுத்தவில்லை.

"இருக்கீங்களா?" என்றார் தலைவி.

"பேர் தெரியுது மேடம், மைக்கும் திறந்துதான் இருக்கு" என்றது கிளார்க்கின் குரல்.

முத்திரை சார் முகம் வந்தது. "பிடிவாதம் மேடம். எப்பவும் இப்படித்தான்."

இரண்டாம் கேள்வி. இரண்டாம் பதில், கையால். மூன்றாம் கேள்வி. சட்டப் பிரிவுக்காரர் பெருமூச்சு விட்டார், திரையில் அவர் முகம் பெரிதாக வந்தது. ஐந்தாவது கேள்வி முடிந்ததும் தலைவி, "சரி, எழுதிக்கோங்க" என்றார்.

அப்போது வாய் திறந்தேன். "என்ன எழுதினீங்கன்னு தயவுசெஞ்சு படிக்கச் சொல்லுங்க மேடம்."

கிளார்க் படித்தார். "பணியாளர் பதில் ஏதும் அளிக்கவில்லை."

"நான் ஏழு நிமிஷமா பதில் சொல்லிட்டிருக்கேன் மேடம். ஐந்து கேள்விக்கும் சொன்னேன். என் அக்கா அன்னிக்கு எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னேன். அவளுக்கும் இதே வரியைத்தான் எழுதினாங்க. ஒரு எழுத்து மாறலை."

யாரும் பேசாததால் என் முகமே திரையில் நின்றது. கண்ணெல்லாம் சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை.

"அமைப்பை மாத்துங்க. நான் இவங்களைப் பார்க்கணும்" என்றார் தலைவி.

"மேடம், அது குழு முடிவு..."

"இப்ப மாத்துங்கன்னு சொன்னேன்."

முத்திரை சார் கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது... எந்த வரிம்மா?" என்று என்னைக் கேட்டார். எட்டு மாதமாகக் கட்டிக் காத்த விதி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சொன்னேன். கட்டங்கள் திறந்தன.

"இப்ப சொல்லுங்க. என்ன சொன்னீங்க?" என்றார் தலைவி.

"பாப்பா நெஞ்சுல கை வச்சுத்தான் தூங்குறேன். அழுகை வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி எழுந்துடுவேன். இதைத்தான் சொன்னேன். இதைத்தான் அவ சொன்னா. இது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு குழந்தை 'நான் இனிமே அழவே மாட்டேன்'னு சொல்லியிருக்காது" என்றேன். கையும் கூடவே பேசியது. அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

முதல் விசாரணையின் பதிவு பிழையானது என்று குழு நீதிமன்றத்துக்கு எழுதியது. பாப்பா அக்காவிடமே இருக்கிறாள். அக்கா புருஷன் மாதம் ஒருமுறை வந்து பார்க்கலாம் என்று தீர்ப்பு. இதுவரை ஒருமுறைகூட வரவில்லை.

எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது, உத்தரவின்றிச் செயல்பட்டதற்காக. முத்திரை சார் மறுபடி பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். காது கேளாதோர் நலன் கருதித் துறை தானாகவே முன்வந்து எல்லா முகங்களும் தெரியச் செய்திருக்கிறதாம். கடந்த எட்டு மாதத்தில் இதுபற்றி ஒரு புகாரும் வரவில்லை என்றும் பெருமையாகச் சொன்னார்.

தண்டனையாக என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். காது கேளாதவர்கள் காணொளி அழைப்பில் புகார் சொல்லலாம் என்று நாங்கள்தான் விளம்பரம் செய்திருந்தோம். முதல் நாள் காலை அழைப்புப் பதிவேட்டைத் திறந்தேன். எட்டு மாதத்தில் முப்பத்தேழு அழைப்புகள். சில மூன்று நிமிடம், சில பதினொரு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே குறிப்பு: "அழைத்தவர் பேசவில்லை. அழைப்பு முடிக்கப்பட்டது." வணக்கம் சொன்ன ஊழியர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பதிவேட்டை முத்திரை சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "பழைய கதை எதுக்கும்மா?" என்றார். திரும்பி வந்து, பட்டியலின் முதல் எண்ணை அழைத்தேன். நரைத்த தலையோடு ஒரு பெண் திரையில் வந்தார், ஏழு மாதத்துக்கு முன்பு அழைத்தவர். சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "தெரியறீங்கம்மா. சொல்லுங்க" என்று கையால் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.